பனையின் உடலமைப்பும் நீர்க்கடத்தலும் இனப்பெருக்கமும்

பனை, அரிக்கேசியே குடும்பத்தைச் சேர்ந்த, கிளைகளின்றி உயர்ந்து வளரும் ஒருவித்திலைத் தாவரம் ஆகும். இதன் தாவரவியல் பெயர் பொராசசு பிளாபெலிபர் என்பதாகும். இப்பெயரைக் கார்ல் லின்னேயசு 1753 ஆம் ஆண்டில் வழங்கினார். இந்தியா, இலங்கை மற்றும் தென்கிழக்காசிய நாடுகளில் பரவலாகக் காணப்படும் இம்மரம் ஏறத்தாழ 30 மீட்டர் உயரம் வரை வளரக்கூடியது.

பனையின் பயன்கள் பலராலும் அறியப்பட்டவை. இக்கட்டுரை பனையின் உடலமைப்பு, அது நீரையும் உணவையும் கடத்தும் முறை, அதன் இனப்பெருக்கம் ஆகியவற்றை மட்டும் விளக்குகின்றது. வேம்பு, புளி போன்ற மரங்களிலிருந்து பனை அடிப்படையில் வேறுபடுகின்றது. அம்மரங்கள் ஆண்டுதோறும் தம் தண்டில் புதிய கடத்தும் இழையங்களை உருவாக்கிக் கொள்கின்றன. வெட்டினால் மீண்டும் துளிர்க்கின்றன. பனைக்கு இவ்விரண்டு ஆற்றல்களும் இல்லை. அது ஒருமுறை அமைத்த குழாய்களைக் கொண்டே வாழ்நாள் முழுவதும் வாழ்கின்றது. இம்மரத்தின் வலிமை, வறட்சியைத் தாங்கும் திறன், எளிதில் அழியக்கூடிய தன்மை ஆகிய மூன்றுக்கும் இதுவே காரணம் எனலாம்.

மரமா, புல்லா?

வேம்பின் அடிமரத்தைக் குறுக்காக வெட்டினால் கடினமான வைரப்பகுதி நடுவிலும், மென்மையான பகுதி வெளிப்புறத்திலும் இருப்பதைக் காணலாம். பனையில் இது தலைகீழாக உள்ளது. கரிய, இரும்பு போன்ற கடினப்பகுதி வெளிப்புறத்திலும், நார் கலந்த மென்மையான சோற்றுப்பகுதி உட்புறத்திலும் அமைந்துள்ளன. வீட்டுக் கூரைகளுக்குப் பயன்படும் பனஞ்சட்டங்கள் வெளிப்புறப் பகுதியிலிருந்தே எடுக்கப்படுகின்றன.

தொல்காப்பியத்தின் மரபியல், தாவரங்களை இந்த வேறுபாட்டின் அடிப்படையிலேயே வகைப்படுத்துகின்றது. காழ், அதாவது வைரம், வெளிப்புறத்தில் உள்ளவற்றைப் புல் என்றும், உட்புறத்தில் உள்ளவற்றை மரம் என்றும் அது பிரிக்கின்றது. இதன்படி பனை, தென்னை, மூங்கில் ஆகியன புல்லினத்தில் அடங்கும். இன்றைய தாவரவியலும் இவை மூன்றையும் நெல், கோரை முதலியவற்றுடன் சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்களுள் வைக்கின்றது. மரபியலின் பிரிவு இன்றைய வகைப்பாட்டுடன் முழுமையாக ஒத்துப்போவதில்லை என்றாலும், தண்டின் உள்ளமைப்பைக் கொண்டு தாவரங்களைப் பிரிக்கலாம் என்ற நோக்கு அதில் தெளிவாக உள்ளது.

தண்டின் அமைப்பு

வளர்நுனி

பனையின் தண்டு நீள்வதற்குக் காரணமான உயிரணுக்கள் யாவும் அதன் உச்சியில், குருத்தோலைகளால் மூடப்பட்ட ஒரே இடத்தில் உள்ளன. இது வளர்நுனி எனப்படும். புதிய இலைகளும், தண்டின் புதிய பகுதிகளும் இங்கிருந்தே தோன்றுகின்றன. வேம்பு முதலிய இருவித்திலை மரங்களில் ஒவ்வோர் இலைக்கக்கத்திலும் கிளையாக வளரக்கூடிய மொட்டு உண்டு. பனையின் இலைக்கக்கங்களில் தோன்றும் மொட்டுகளோ பூங்கொத்துகளாக மட்டுமே வளர்கின்றன. எனவே பனை கிளைப்பதில்லை. மிக அரிதாகக் காணப்படும் கிளைத்த பனைகள் இதற்கு விதிவிலக்குகள் ஆகும்.

பருத்தலுக்குப் பின் உயர்தல்

இருவித்திலை மரங்களில் காழுக்கும் உரியத்துக்கும் இடையே கேம்பியம் எனப்படும் வளர்படை உள்ளது. காழ் என்பது இன்றைய தாவரவியலில் நீரைக் கடத்தும் இழையத்தைக் குறிக்கும். இது சைலம் எனவும் வழங்கும். உரியம் என்பது உணவைக் கடத்தும் இழையம். இது புளோயம் எனவும் வழங்கும். கேம்பியம் உட்புறமாகக் காழையும் வெளிப்புறமாக உரியத்தையும் தொடர்ந்து உருவாக்குவதால் மரம் பருக்கின்றது. ஆண்டு வளையங்களும் தோன்றுகின்றன.

பனையில் கேம்பியம் இல்லை. எனவே உயரத் தொடங்கிய பின் தண்டின் பருமனைப் புதிய இழையத்தால் கூட்ட இயலாது. இதனால் பனங்கன்று முதலில் பல ஆண்டுகளுக்குத் தண்டு வெளியே தெரியாமல் இலைகளை மட்டும் விட்டுக்கொண்டிருக்கின்றது. அக்காலத்தில் வளர்நுனிக்குக் கீழுள்ள பகுதி மண்மட்டத்தில் படிப்படியாக அகன்று, முழுமரத்துக்குத் தேவையான பருமனை அடைகின்றது. அதன் பின்னரே மரம் உயரத் தொடங்குகின்றது. வடலி எனப்படும் இளம்பனை நெடுநாள் வளராமல் நிற்பது போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

பனையில் ஆண்டு வளையங்களும் இல்லை. எனவே வெட்டிய மரத்தின் வளையங்களை எண்ணி வயதைக் கணக்கிடும் முறை இதற்குப் பொருந்தாது. தண்டின் வெளிப்புறத்தில் காணப்படும் வளையங்கள் உதிர்ந்த இலைகளின் தழும்புகளே ஆகும்.

கலன்கற்றைகள்

பனந்தண்டின் குறுக்குவெட்டில் எண்ணற்ற புள்ளிகள் சிதறிக் கிடப்பதைக் காணலாம். இவை ஒவ்வொன்றும் ஒரு கலன்கற்றை ஆகும். ஒவ்வொரு கற்றையிலும் நீரைக் கடத்தும் காழ்க்கலன்கள், உணவைக் கடத்தும் சல்லடைக் குழாய்கள், அவற்றைத் தாங்கும் நார்த்தொகுதி ஆகியன உள்ளன. கற்றைகளுக்கு இடையிலுள்ள வெளியைப் பாரன்கைமா என்னும் மென்மையான இழையம் நிரப்புகின்றது. வெளிப்புறத்தில் கற்றைகள் மிக நெருக்கமாகவும் தடித்த நார்களுடனும் அமைந்திருப்பதாலேயே அப்பகுதி கடினமாக உள்ளது. காற்றினால் வளையும் ஒரு தூணில் விசை பெரிதும் தாக்குவது அதன் வெளிப்புறத்தையே என்பதால், இவ்வமைப்பு குறைந்த பொருளைக் கொண்டு மிகுந்த வலிமையைத் தருகின்றது.

இக்கற்றைகள் சிதறிக் கிடப்பனவாகத் தோன்றினாலும் அவற்றின் பாதையில் ஓர் ஒழுங்கு உண்டு. மார்ட்டின் சிம்மர்மன், பி. பி. டோம்லின்சன் ஆகிய இருவரும் இராபிசு எக்செல்சா என்னும் சிறிய பனைக்குடும்பத் தாவரத்தின் தண்டை அடுத்தடுத்த மெல்லிய சீவல்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் படமெடுத்து, அவற்றைத் திரைப்படம் போல ஓடவிட்டு இப்பாதையைக் கண்டறிந்தனர். இவ்வாய்வு 1965 ஆம் ஆண்டில் வெளியானது. ஒவ்வொரு கற்றையும் மேலே செல்லச் செல்ல மெதுவாக நடுவை நோக்கி வளைந்து, பின்னர் விரைவாக வெளிப்புறம் திரும்பி ஓர் இலைக்குள் நுழைகின்றது. அவ்வாறு நுழையுமுன் ஒரு கிளையைப் பிரித்து மேல்நோக்கி அனுப்புகின்றது. அடுத்துள்ள கற்றைகளுடன் சிறு இணைப்புகளும் ஏற்படுகின்றன. ஆகவே ஒரு பாதை தடைப்பட்டாலும் நீர் வேறு பாதைகளில் செல்ல முடிகின்றது.

இருவித்திலை மரத்தின் பட்டையைச் சுற்றிலும் வளையமாக உரித்துவிட்டால் அதன் உரியம் துண்டிக்கப்பட்டு, வேர்கள் உணவின்றி மடிந்து, மரம் பட்டுப்போகும். பனையில் உரியம் தண்டு முழுவதும் பரவியிருப்பதால், வெளிப்புறத்தை வளையமாகச் செதுக்கினாலும் மரம் பொதுவாக இறப்பதில்லை. ஆனால் அக்காயம் ஒருபோதும் மூடுவதுமில்லை.

வேரும் இலையும்

முளைக்கும்போது தோன்றும் முதல்வேர் நெடுநாள் நிலைப்பதில்லை. பின்னர் தண்டின் அடியிலிருந்து ஏறத்தாழ ஒரே பருமனுள்ள வேர்கள் கொத்தாகத் தோன்றுகின்றன. இவற்றிலும் கேம்பியம் இல்லாததால் இவை பருப்பதில்லை. ஆயினும் புதிய வேர்களைத் தண்டின் அடியிலிருந்து தொடர்ந்து உருவாக்க முடியும். பனையில் புதுப்பிக்கத்தக்க உறுப்புகள் வேர்களும் இலைகளுமே ஆகும்.

ஒரு மரத்தின் உச்சியில் ஏறத்தாழ 30 முதல் 40 வரையான விசிறி வடிவ இலைகள் காணப்படும். இலைக்காம்பு மட்டை எனப்படும். அதன் ஓரங்களில் கருக்கு எனப்படும் கூரிய பற்கள் உள்ளன. இளம் இலை குருத்தோலை என்றும், முதிர்ந்தது சாரோலை என்றும், காய்ந்தது காவோலை என்றும் வழங்கப்படுகின்றன.

நீர்க்கடத்தல்

நீர் மேலேறும் முறை

வேர்களால் உறிஞ்சப்படும் நீர் 30 மீட்டர் உயரத்திலுள்ள இலைகளை எவ்வாறு அடைகின்றது என்பது தாவரவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. உறிஞ்சுகுழாயால் நீரை இழுத்தால் வளிமண்டல அழுத்தம் அதை ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்துக்கே ஏற்றும். நுண்புழைக் கவர்ச்சியும் போதாது. 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் அது நீரை ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் மட்டுமே உயர்த்தும்.

இலைகளிலிருந்து நீர் ஆவியாவதற்கும் நீர் மேலேறுவதற்கும் தொடர்பு இருப்பதை ஸ்டீவன் ஹேல்ஸ் 1727 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அளவீடுகளுடன் விளக்கினார். இன்று ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ள விளக்கத்தை ஹென்றி டிக்சனும் ஜான் ஜோலியும் 1894 ஆம் ஆண்டில் முன்வைத்தனர். இதன்படி நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பதால், காழ்க்கலன்களில் உள்ள நீர் வேர்முதல் இலைவரை அறுபடாத ஒரு கயிறு போல விளங்குகின்றது. இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாகும்போது இலை உயிரணுச் சுவர்களின் மிக நுண்ணிய இடைவெளிகளில் உள்ள நீர்ப்பரப்பு உள்வாங்கி, கீழேயுள்ள நீரை மேலே இழுக்கின்றது. இழுக்கும் ஆற்றல் கதிரவனின் வெப்பத்திலிருந்து கிடைக்கின்றது. மரம் இதற்கெனத் தன் உணவைச் செலவிடுவதில்லை.

30 மீட்டர் உயரமுள்ள நீரின் எடையைத் தாங்குவதற்கு மட்டும் ஏறத்தாழ 3 வளிமண்டல அளவு இழுவிசை தேவை. குழாய்களில் ஏற்படும் உராய்வைக் கடக்க மேலும் இழுவிசை வேண்டும். எனவே பகல் வேளையில் காழ்க்கலன்களில் உள்ள நீர், இழுத்துக் கட்டிய கம்பி போன்ற நிலையில் இருக்கின்றது.

இரவில் நீராவிப்போக்கு குறையும்போது வேர்கள் நீரை மேல்நோக்கித் தள்ளுவதும் உண்டு. இது வேரழுத்தம் எனப்படும். பனைக்குடும்ப மரங்களில் வேரழுத்தம் மிகுதியாக இருப்பதை டி. ஏ. டேவிஸ் 1961 ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் எழுதினார். எனினும் பகலில் உயர்ந்த மரத்தின் நீர்த்தேவையை வேரழுத்தம் மட்டும் நிறைவுசெய்ய இயலாது.

காற்றடைப்பு

இழுவிசைக்கு உட்பட்ட நீர்க்கயிறு அறுந்துபோகும் வாய்ப்பு எப்போதும் உண்டு. மண் வறண்டு இழுவிசை மிகும்போது, கலன்களின் சுவர்த்துளைகள் வழியே காற்றுக்குமிழி நுழைந்து கலன் முழுவதையும் அடைத்துவிடுகின்றது. இதன் பின் அக்கலன் நீரைக் கடத்துவதில்லை. இது காற்றடைப்பு எனப்படும். கடும் வறட்சியில் மரங்கள் இறப்பதற்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்றாகும்.

இருவித்திலை மரம் அடைபட்ட கலன்களுக்கு மாற்றாக அடுத்த பருவத்தில் புதியனவற்றை உருவாக்கும். பனைக்கு அவ்வாய்ப்பு இல்லை. அடிமரத்தில் உள்ள கலன்கள் அம்மரம் வடலியாக இருந்தபோது அமைந்தவை. அவையே பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் உச்சிக்கு நீரைக் கடத்த வேண்டும். எனவே தண்டின் கலன்களைக் காப்பது பனைக்கு உயிர்நிலையான தேவை ஆகும்.

இப்பாதுகாப்பின் இரகசியம் இலை தண்டுடன் இணையும் இடத்தில் உள்ளது. சிம்மர்மனும் ஜான் ஸ்பெரியும் இராபிசில் செய்த ஆய்வு 1983 ஆம் ஆண்டில் வெளியானது. அதன்படி தண்டின் அகன்ற கலன்கள் நேரடியாக இலைக்குள் செல்வதில்லை. குறுகிய கலன்கள் வழியாகவே நீர் இலைக்குள் நுழைகின்றது. இக்குறுகிய பாதையின் தடையால், இழுவிசையின் பெரும்பகுதி இலையிலேயே தங்கிவிடுகின்றது. 1986 ஆம் ஆண்டில் ஸ்பெரி வெளியிட்ட ஆய்வில், வறட்சியின்போது காற்றடைப்பு இலைக்காம்புகளில் ஏற்படுவதும் தண்டு பெரும்பாலும் காக்கப்படுவதும் தெரியவந்தன. ஈடுசெய்யத்தக்க இலையை இழந்து, ஈடுசெய்ய முடியாத தண்டை மரம் காத்துக்கொள்கின்றது.

இரண்டாவது பாதுகாப்பு தண்டிலுள்ள நீர்த்தேக்கம் ஆகும். மிஷேல் ஹோல்புரூக்கும் தாமஸ் சின்க்ளேரும் அமெரிக்காவின் சாபால் பனையைக் கொண்டு 1992 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுகள், தண்டின் பாரன்கைமாவில் சேர்ந்துள்ள நீர், மண்நீர் குறையும் காலத்தில் இலைகளுக்குப் பயன்படுவதைக் காட்டின. மேற்கூறிய ஆய்வுகள் பனையின் உறவுத் தாவரங்களில் செய்யப்பட்டவை. தண்டின் அடிப்படை அமைப்பு ஒன்றே என்பதால் பனை வறட்சியைத் தாங்குவதையும் இவற்றைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம்.

உணவுக்கடத்தலும் பதநீரும்

இலைகளில் உருவாகும் சர்க்கரை சல்லடைக் குழாய்கள் வழியே பிற பகுதிகளுக்குச் செல்கின்றது. சர்க்கரை மிகுந்த இடத்தில் நீர் புகுந்து அழுத்தம் கூடுவதாலும், சர்க்கரை பயன்படுத்தப்படும் இடத்தில் அழுத்தம் குறைவதாலும் சாறு நகர்கின்றது என்னும் விளக்கத்தை எர்ன்ஸ்ட் மியூன்க் 1930 ஆம் ஆண்டில் விரிவாக எழுதினார். ஆகவே காழிலுள்ள நீர் இழுக்கப்படுகின்றது. உரியத்திலுள்ள சாறு தள்ளப்படுகின்றது.

பதநீர் என்பது இந்த உரியச்சாறே ஆகும். அது வேரிலிருந்து நேராக வரும் நீர் அன்று. பாளையை இதமாக நசுக்கி, அதன் நுனியை நாள்தோறும் மெல்லியதாகச் சீவும்போது, பூவுக்கும் காய்க்கும் செல்லவேண்டிய சர்க்கரைச் சாறு வெட்டுவாய் வழியே கலயத்தில் வடிகின்றது. வெட்டுவாயிலுள்ள குழாய்கள் அடைபட்டுவிடுவதால் தொடர்ந்து சீவ வேண்டியுள்ளது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காமல் பதநீராகக் கிடைக்கும். சுண்ணாம்பு இல்லையெனில் நுண்ணுயிர்களால் நொதித்துக் கள்ளாகிவிடும்.

சல்லடைக் குழாயின் உயிரணுக்களுக்குக் கரு இல்லை. அருகிலுள்ள துணை உயிரணுக்களின் உதவியால் அவை உயிருடன் இருக்கின்றன. இருவித்திலை மரங்களில் இவை பொதுவாகச் சில பருவங்களே செயற்படும். பனைக்குடும்ப மரங்களிலோ தண்டின் அடிப்பகுதியிலுள்ள சல்லடைக் குழாய்களும் பாரன்கைமா உயிரணுக்களும் மரத்தின் வாழ்நாள் முழுவதும் உயிருடன் இருக்க வேண்டும். டோம்லின்சனும் பிரெட் ஹக்கெட்டும் 2012 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், உயர்தாவரங்களின் உயிரணுக்களுள் மிக நீண்டகாலம் வாழ்பவை இவையாகலாம் எனக் குறிப்பிட்டுள்ளனர்.

இனப்பெருக்கம்

ஆண்பனையும் பெண்பனையும்

பனையில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனியானவை. ஆண்பனை அலகுப்பனை என்றும், பெண்பனை பருவப்பனை என்றும் அழைக்கப்படுகின்றன. முதன்முறை பூப்பதற்கு ஏறத்தாழ 12 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அதுவரை ஒரு வடலி ஆணா பெண்ணா என்பதைத் தோற்றத்தைக் கொண்டு அறிய இயலாது. டி.என்.ஏ. குறியீடுகளைக் கொண்டு இளமையிலேயே பாலினத்தை அறியும் முயற்சிகள் நடைபெற்றுள்ளன.

ஆண் பூங்கொத்தின் விரல் போன்ற கிளைகளில் சிறிய பூக்கள் குழிகளுக்குள் அமைந்து, ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்து மகரந்தத்தைத் தருகின்றன. பெண்பூக்கள் அளவில் பெரியவை, எண்ணிக்கையில் குறைந்தவை. பெண்பனை காய்ப்பதற்கு அருகில் ஆண்பனை இருத்தல் வேண்டும். பயனில்லை எனக் கருதி ஆண்பனைகளை வெட்டினால் அப்பகுதியின் பெண்பனைகளில் காய்ப்புக் குறையும்.

பனையின் பூங்கொத்துகள் இலைக்கக்கங்களில் தோன்றுவதால் வளர்நுனி பாதிக்கப்படுவதில்லை. மரம் ஆண்டுதோறும் பூக்கின்றது. அதன் உறவான தாளிப்பனையில் வளர்நுனியே பெரிய பூங்கொத்தாக மாறிவிடுகின்றது. எனவே அது ஒரேமுறை பூத்துக் காய்த்து இறந்துவிடுகின்றது.

நுங்கும் விதையும்

பூக்குந் தாவரங்களில் ஓர் ஆண்கரு முட்டையுடன் சேர்ந்து கருவை உருவாக்குகின்றது. மற்றோர் ஆண்கரு வேறு கருக்களுடன் சேர்ந்து முளைசூழ்தசையை உருவாக்குகின்றது. இந்த இரட்டைக் கருவுறுதலைச் செர்கேய் நவாசின் 1898 ஆம் ஆண்டில் கண்டறிந்தார். கருவுக்கு உணவாக அமைவது முளைசூழ்தசையே. பனையில் இது முதலில் நீர்மமாகவும், பின்னர் மென்மையான கூழ் போன்றும், இறுதியில் மிகக் கடினமாகவும் மாறுகின்றது. இடைப்பட்ட மென்மையான நிலையே நுங்கு ஆகும். ஒரு காயில் பொதுவாக மூன்று விதைகள் இருக்கும். முதிர்ந்த பழத்தில் நார் நிறைந்த சதைப்பகுதி அவற்றைச் சூழ்ந்திருக்கும்.

முளைத்தல்

பனங்கொட்டை முளைக்கும்போது வித்திலையின் ஒரு பகுதி கொட்டைக்குள்ளேயே தங்கிப் பஞ்சு போன்ற உறிஞ்சுறுப்பாக வளர்ந்து, கடினமான முளைசூழ்தசையைக் கரைத்து உண்கின்றது. இது தமிழ்நாட்டில் தவுன் என்றும், யாழ்ப்பாணத்தில் பூரான் என்றும் வழங்கப்படுகின்றது. வித்திலையின் மறுபகுதி குழாய் போல நீண்டு மண்ணுக்குள் இறங்குகின்றது. இளங்கரு அக்குழாயின் நுனியில் அமைந்து, விதையிலிருந்து விலகி ஆழத்துக்குக் கொண்டு செல்லப்படுகின்றது. அங்கு முளைக்குருத்தைச் சூழ்ந்த உறைப்பகுதி மாப்பொருளைச் சேமித்துத் தடிக்கின்றது. இதுவே பனங்கிழங்கு. கிழங்கு என அழைக்கப்பட்டாலும் இது வேர் அன்று.

இளங்கரு மண்ணின் ஆழத்தில் அமைவதால் மேற்பரப்பின் வெப்பம், கால்நடைகள், தீ ஆகியவற்றிலிருந்து காக்கப்படுகின்றது. ஆழத்திலுள்ள ஈரமும் அதற்குக் கிடைக்கின்றது. மரத்தின் ஒரே வளர்நுனி அதன் மிக மென்மையான பருவத்தில் மண்ணுக்கடியில் இருக்குமாறு இம்முறை அமைந்துள்ளது.

வளர்நுனியை இழத்தல்

வளர்நுனி அழிந்தால் பனையின் அடிமரம் எவ்வளவு நலமாக இருந்தாலும் புதிய இலைகள் தோன்றுவதில்லை. இருக்கும் இலைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தபின் மரம் இறந்துவிடுகின்றது. காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைப்பதாலும், குருத்தழுகல் நோயாலும் இவ்வாறு நேர்வதுண்டு. கோதாவரிக் கழிமுகப் பகுதியில் பனைகளை அழித்த குருத்தழுகல் நோயை ஆராய்ந்த எட்வின் பட்லர், அதற்குக் காரணமான உயிரியை 1907 ஆம் ஆண்டில் விவரித்தார். அது இன்று பைட்டோப்தோரா பால்மிவோரா எனப்படுகின்றது. இலங்கையின் வடபகுதியில் 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரின்போது எறிகணைகளால் தலையிழந்த பனைகள் மொட்டை மரங்களாக நின்றனவே அன்றி மீண்டும் துளிர்க்கவில்லை. அதற்கும் இதுவே காரணம்.

வெட்டிய பனையை அதன் அடியிலிருந்து மீட்கவோ, கிளையை நட்டுப் புதிய மரம் உண்டாக்கவோ இயலாது. பனை விதையினால் மட்டுமே பெருகுகின்றது. இன்று விதைக்கப்படும் கொட்டை பூக்கும் மரமாக ஒன்று முதல் இரண்டு பத்தாண்டுகள் ஆகும். தமிழ்நாட்டு அரசு 2021 ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை விதைகளை வழங்கும் திட்டத்தை அறிவித்ததுடன், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் எனவும் அறிவித்தது. நடுவதும் வெட்டாமல் காப்பதும் ஒருங்கே தேவைப்படுவது பனையின் உடலமைப்பினாலேயே ஆகும்.